கம்பா, நங்கூரமா? இடுப்பளவுத் தண்ணீரில் கயாக்கை நிறுத்துவது எப்படி

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் 1 மீட்டர்தான். இறங்கினால் இடுப்பு வரைக்கும் வருகிற தண்ணீருக்கு நங்கூரம் எதற்கு என்று முதல் தடவை போனபோது நானும் நினைத்தேன். கொடுவா மீனுக்கு லூர் என்கிற போலி இரையை வீசி, ரீலைச் சுற்றி முடிப்பதற்குள் பத்தடி நகர்ந்திருந்தேன். மூன்றாவது வீச்சில் மீன் நின்ற இடத்துக்கு மேலேயே போய் உட்கார்ந்தாயிற்று. அப்புறம் மீன் எங்கே இருக்கும்? என் கயாக், அதாவது துடுப்பு போடும் சின்னப் படகு, 12 அடி நீளம், 30 கிலோ எடை, நீருக்குள் அமிழ்வதோ சில அங்குலம்தான். லேசான கொண்டல் காற்று போதும், கயாக் இலை மாதிரி ஓடும்.

நிறுத்த என்னென்ன வழி இருக்கிறது என்று இரண்டு வருஷம் காசும் நேரமும் செலவழித்துப் பார்த்ததில், கடைசியில் போட்டி இரண்டுக்கு நடுவில்தான்: ஊன்றுகம்பு, மடக்கு நங்கூரம்.

கம்பு புதுச் சரக்கு இல்லை. ஏரியில் தோணி தள்ளுகிறவர்கள் கையில் இருப்பதும் அதுதான். தள்ளுவார்கள், நிற்க வேண்டுமானால் அதையே ஊன்றிக் கட்டிவிடுவார்கள். கயாக்குக்கு 6 முதல் 8 அடிக் கம்பு போதும். ஃபைபர் கம்பு மெல்லியது, உறுதியானது, விலைதான் கொஞ்சம் கடிக்கும். நான் முதலில் சவுக்குக் கட்டை ஒன்றைச் சீவி எடுத்துப் போனேன். கனம். கை தவறியதும் பாதி அமிழ்ந்து போய்விட்டது. மூங்கில் மிதக்கும், ஆனால் கணுவெல்லாம் கயாக்கின் ஓரத்தில் தட்டிச் சத்தம் போடும். மூன்றில் ஃபைபர்தான் மேல்.

நடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாடு கட்டும் முளையை எப்படி அடிப்போம்? மாடு இழுக்கும் பக்கத்துக்கு எதிரே தலை சாய்ந்திருக்கும். கம்பும் அப்படித்தான். நட்டுக்குத்தலாக நட்டால் காற்று இழுக்க இழுக்கக் குழி அகலமாகி, கால் மணி நேரத்தில் கம்பு படுத்துவிடும். கயாக்கைக் கட்டும் கயிற்று வளையத்தையும் கம்பின் தலையில் விடக்கூடாது, நீர்மட்டம் வரை இறக்க வேண்டும். கட்டு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு பிடிமானம்.

கயாக்கின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் ஓட்டை வழியாகவே கம்பைக் குத்தி நிறுத்துகிறவர்களும் உண்டு. பார்க்க ஜோராக இருக்கும். அலை வந்தால் கயாக் தானாக அலைக்கு முகம் திருப்பாமல் பக்கவாட்டில் அடி வாங்கலாம். ஓட்டையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் அத்தனை இழுப்பையும் தாங்கும். விரிசல் விடுவதும் அந்த இடத்தில்தான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

கம்பின் பெரிய பலம் அமைதி. முழங்கால் அளவு தண்ணீரில் ஒன்றரைக் கிலோ இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மடவையோ கொடுவாவோ அங்கேயே நிற்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

ஆனால் 6 அடி ஆழம் தாண்டிவிட்டால் கம்பு வெறும் சுமை. கெட்டி மணலிலும் இறங்காது. அங்கே நான்கு முனை மடக்கு நங்கூரம்தான். இதற்குக் கயிறு தாராளமாக வேண்டும்: படகுக்காரர்கள் சொல்லும் கணக்கு ஆழத்தைப் போல ஏழு மடங்கு. இழுப்பு படுக்கையாக இருந்தால்தான் முனை மண்ணைக் கவ்வும். 1 மீட்டர் தண்ணீருக்கு 7 மீட்டர் கயிறு விட்டால், காற்று திரும்பும்போது கயாக் 14 மீட்டர் விட்டத்துக்கு வட்டமடிக்கும். குறுகிய ஓடையில் இது ஆகிற காரியமா? கயிற்றைக் குறைத்தாலோ, பழவேற்காட்டு உளைச் சேற்றில் நங்கூரம் உழுதுகொண்டே பின்னால் வரும். தூக்கினால் மடியில் பாதி ஏரி.

சிப்பிப் பார் இருக்கும் இடத்தில் நேர் எதிர்ப் பிரச்சினை: மாட்டிக்கொண்டு வரவே வராது. இதற்கு மலிவான வைத்தியம் உண்டு. கயிற்றை நங்கூரத்தின் தலை வளையத்தில் முடியாமல் அடிப்பக்கத்தில் முடிந்து, தண்டோடு கொண்டுபோய்த் தலை வளையத்தில் ஒரு சின்ன கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டு) போட்டுவிடுங்கள். மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுத்தால் டை அறும். நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும்.

கடற்புல் இருக்கும் பாக் நீரிணைப் பக்கம் போகிறவர்களுக்கு என் வோட்டு கம்புக்குத்தான். கம்பு போடுவது ஒரு துளை. இழுபடும் நங்கூரம் புல்லை வேரோடு கிளப்பும். ஆவுளியா என்கிற கடல்பசுவுக்குத் தீனி அந்தப் புல்தான். அதற்காகவே 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கி.மீ. கடலைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் பூசிய 5 கிலோ டம்பெல் சத்தமில்லாமல் உளையில் உட்காரும், காற்று ஏறினால் நகரும். பொத்தானைத் தட்டினால் கம்பை இறக்கும் மின்சாரக் கருவி, உதாரணத்துக்கு பவர்-போல் மைக்ரோ, அருமையான பொருள். பேட்டரியைப் பராமரிக்கவும் உப்புத் தண்ணீரிலிருந்து கருவியைக் காப்பாற்றவும் தயாராக இருந்தால் வாங்கலாம். அலையாத்திக் கிளையில் கயிற்றைக் கட்டுவது? ஒரே ஒரு தடவை செய்தேன். முசுறு எறும்பு கயிறு வழியாக இறங்கி வந்து சட்டைக்குள் புகுந்தது.

கம்பா நங்கூரமா என்பதைவிட, கயாக்கில் எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. ஒரு முகத்துவாரத்தில் வத்தம், அதாவது கடலுக்கு வடியும் நீரோட்டம், இறங்கிக்கொண்டிருந்தபோது, கைக்கு எட்டுகிறதே என்று இருக்கைக்குப் பக்கத்திலேயே நங்கூரக் கயிற்றைச் சுற்றினேன். கயாக் குறுக்கே திரும்பியது. ஓட்டம் வந்து மோதும் பக்கத்து விளிம்பு கீழே அமுங்கி, தண்ணீர் தொடை மேல் ஏறியது. லைஃப் ஜாக்கெட்டில் கத்தி இருந்ததால் கயிற்றை அறுத்தேன். நங்கூரம் போயிற்று, நான் போகவில்லை. ஓட்டமுள்ள தண்ணீரில் கயாக்கின் முன்முனையிலோ பின்முனையிலோதான் கட்ட வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து முனைக்குக் கை எட்டாதே என்றால், அதற்குத்தான் டிராலி: முன்னும் பின்னும் ஒவ்வொரு கப்பி, நடுவில் ஓடும் மெல்லிய கயிற்று வளையம், அதில் ஒரு இரும்பு வளையம். நங்கூரக் கயிற்றை அதன் வழியே விட்டு, டிராலிக் கயிற்றை இழுத்தால் பிடி முனைக்குப் போய்விடும். கயிற்றின் கடைசியில் ஒரு மிதவையும் கட்டுங்கள். பெரிய மீன் இழுத்துக்கொண்டு போனால் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பின்னால் போகலாம். நங்கூரம் இருக்கும் இடத்தை மிதவை காட்டும்.

இப்போது இரண்டும் என் கயாக்கில் இருக்கிறது. ஆனாலும் நங்கூரம் பையை விட்டு வெளியே வருவது பத்துக்கு ஒரு தடவைதான்.

போன மாசம் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கம்பை ஊன்றிவிட்டு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். தோணியில் வந்த பெரியவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"தம்பி, அங்க ஊனாத. இன்னைக்கு அது எங்க பாடு."

எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று அங்கே முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பேர்தான் பாடு.

"தெரியாம ஊனிட்டேங்க ஐயா, இதோ எடுத்துட்டேன்" என்று கம்பை உருவினேன். டீயைக் கீழே வைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.