37 வாரத்தில் ஊசியோடா, 39 வாரத்தில் ஊசி இல்லாமலா? சுகர் உள்ளவர்களுக்கு சிசேரியன் தேதி

சுகர் உள்ள கர்ப்பிணிக்கு சிசேரியன்தான் என்று முடிவாகிவிட்டால், தேதி குறிக்கும்போது இரண்டு யோசனைகள் வரும். 37 வாரம் முடிந்ததும் எடுத்துவிடலாம், அதற்கு முன் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்பது ஒன்று. சுகர் கட்டுக்குள் இருந்தால் 39 வாரம் வரை பொறுத்து, ஊசி இல்லாமலே எடுக்கலாம் என்பது இன்னொன்று. என் இரண்டாவது பிரசவத்தில் மருத்துவரும் நானும் பேசித் தேர்ந்தது இந்த இரண்டாவது வழி. முதல் குழந்தையும் சிசேரியன். இந்த முறை கர்ப்பகாலச் சர்க்கரை, இரவில் மட்டும் கொஞ்சம் இன்சுலின். என் நாத்தனாருக்கு பி.பி.யும் சேர்ந்துகொண்டதால் முதல் வழி அமைந்தது. என் சாய்வு 39 பக்கம்தான்.

34 வாரத்துக்கு முன்பே குழந்தை பிறந்துவிடும் நிலை என்றால் பேச்சே வேறு. அப்போது சுகர் இருந்தாலும் ஊசி வேண்டும். தாயின் சுகரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு போடச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கி, குறைமாதக் குழந்தைகளை அந்த ஊசி காப்பாற்றி வருகிறது. நான் பேசுவது 37 வாரத்தை ஒட்டி நாமே நாள் குறிக்கும் சிசேரியனைப் பற்றி மட்டும்.

ஊசி போடச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வயிற்றுக்குள் குழந்தையின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். பிரசவ வலி எடுக்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அந்த நீரை உறிஞ்சவைக்கும். வலியே வராமல் வயிற்றைத் திறந்து எடுத்தால் அது சரியாக நடப்பதில்லை. பிறந்ததும் குழந்தைக்கு மூச்சு இரைக்கிறது. தாயின் சுகர் ஏறியே இருந்தால், நுரையீரல் சுருங்கி ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் உருவாவதும் தாமதமாகலாம். ஸ்டீராய்டு இரண்டுக்கும் உதவுகிறது. விலையும் பெரிதில்லை. பீட்டாமெத்தசோன் என்றால் 12 மி.கி. வீதம் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. டெக்சாமெத்தசோன் என்றால் 6 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு.

ஆனால் பிரிட்டனில் நடந்து 2005-இல் வெளியான ஆஸ்டெக்ஸ் ஆய்வின் எண்களைப் பாருங்கள். 37 வாரத்தில் திட்டமிட்ட சிசேரியன் என்றால், மூச்சுத் திணறலுக்காகக் குழந்தையைத் தனிப் பிரிவில் சேர்க்கும் வாய்ப்பு ஊசி இல்லாமல் 11.4 சதவீதம், ஊசியோடு 5.2 சதவீதம். 39 வாரத்தில் ஊசி இல்லாமலே 1.5 சதவீதம்தான். ஊசி அந்த வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்றால், இரண்டு வாரப் பொறுமை ஏழில் ஒரு பங்குக்கும் கீழே குறைக்கிறது. நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து 37-இலேயே முடித்துவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் அவசரப்படுத்தும்போது இதைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். 39-க்குப் பிறகும் நல்ல நாள் வரும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதைவிட சுகர்தான். ஸ்டீராய்டு என்றாலே சுகர் ஏறும். முதல் ஊசி போட்டு அரை நாளுக்குள் ஏறத் தொடங்கும். இறங்க நாலைந்து நாள் ஆகலாம். அறுவை சிகிச்சை நடப்பது சரியாக அந்த இடைவெளியில். நாத்தனாருக்கு வெறும் வயிற்றில் 95-க்குள் நின்ற சுகர், இரண்டாவது ஊசிக்குப் பிறகு 210-ஐத் தாண்டியது. சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை, அதே இரண்டு இட்லிதான். இரவில் எழுப்பி எழுப்பி விரலைக் குத்திப் பார்த்தார்கள், இன்சுலினை ஏற்றிக்கொண்டே போனார்கள். "என்ன அண்ணி, தண்ணி குடிச்சாக்கூட ஏறுது" என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

தாயோடு இது முடிவதும் இல்லை. தாயின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும்; குழந்தையின் கணையம் அதற்கு ஏற்ப இன்சுலினைச் சுரக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் மிச்சம் இருக்கும். குழந்தையின் சுகர் சட்டென்று இறங்குவது அதனால்தான். 2016-இல் வெளியான அமெரிக்காவின் ஆல்ப்ஸ் ஆய்வில், 34 முதல் 36 வாரம் வரையான கர்ப்பங்களில், பிறந்த குழந்தையின் சுகர் 40-க்குக் கீழே போனது ஊசி போட்டவர்களில் 24 சதவீதம், போடாதவர்களில் 15 சதவீதம். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஏற்கெனவே குழந்தையின் சுகர் இறங்கும் அபாயம் உள்ள நமக்கு, மூச்சுக்காகப் போட்ட ஊசி, பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு (என்.ஐ.சி.யு.) இன்னொரு வாசலைத் திறந்துவிடுமோ என்பதே என் கவலை.

39 வரை காத்திருப்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. சுகர் கட்டுக்குள் வரவில்லை, பி.பி. ஏறுகிறது, குழந்தையின் வளர்ச்சி நின்றுவிட்டது, அசைவு குறைகிறது என்றால் காத்திருப்பதுதான் ஆபத்து. வயிற்றுக்குள்ளேயே குழந்தை இறக்கும் அபாயம் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதல். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குத் தேதிக்கு முன்பே வலி எடுத்துவிடுமோ என்ற கவலையும் உண்டு. எனக்கு அது கடைசிவரை இருந்தது. உடலில் இன்சுலினே போதுமான அளவு சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு என் அனுபவத்தை அப்படியே பொருத்தவே கூடாது. ஊசிக்குப் பிறகு சுகர் எகிறினால் அவர்களுக்குக் கீட்டோ அசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும் நிலை) வரை போகலாம், வீட்டில் இருந்து சமாளிக்கிற விஷயமில்லை அது.

37-ஐ ஒட்டி சுகர் உள்ளவர்களுக்கு ஊசி மொத்தத்தில் நன்மையா என்பதற்குத் தீர்ப்பு சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ப்ரெசீட் என்ற ஆய்வு இந்தக் கேள்விக்காகவே வடிவமைக்கப்பட்டது: சுகர் உள்ள பெண்களுக்கு 35 முதல் 38 வாரங்களில் சிசேரியன் என்றால் பீட்டாமெத்தசோன் உதவுமா என்று. உலக சுகாதார நிறுவனமோ 34 முதல் 36 வாரங்களில் திட்டமிட்ட சிசேரியனுக்கு ஊசியைப் பரிந்துரைக்கவில்லை.

மருத்துவக் காரணத்துக்காக 37-இல்தான் எடுக்க வேண்டும், ஊசியும் வேண்டும் என்று உங்கள் மருத்துவர் சொன்னால், தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள், அட்மிட் ஆகிவிடுங்கள். இன்சுலினை எவ்வளவு கூட்டுவார்கள், ராத்திரி யார் சுகர் பார்ப்பார்கள், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பார்ப்பார்கள் என்று முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் சீம்பால் கொடுக்க உதவ ஒரு நர்ஸ் வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். இறங்கும் சுகருக்கு முதல் மருந்து அதுதான்.