24ஆ, 50ஆ: கிட் லென்ஸுக்கு அடுத்து எது?

கேனன் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆருக்கு, கூடவே வரும் 18-55 கிட் லென்ஸுக்கு அடுத்து என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம். விலைக்கு மேல் உழைக்கும் லென்ஸ்தான், மறுக்கவில்லை. (மி.மீ. எண் குறைந்தால் படத்தில் அதிக அகலம் விழும், எஃப் எண் குறைந்தால் அதிக வெளிச்சம் வரும்.) ஆனால் வீட்டுக்குள் படம் எடுப்பவருக்கு இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் பெரும்பாலும் அதைவிடப் பொருந்தும். காரணம் வெளிச்சமல்ல, சுவர்.

நின்றிருக்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை, கொஞ்சம் இடம் விட்டு எடுக்க, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் 50க்குச் சுமார் 15 அடி பின்னால் போக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அதற்கு வழியே இல்லை. 24க்கு ஏழு அடி போதும். சாப்பாட்டுப் படமும் அப்படியே. மேசையில் போட்ட இரண்டடி அகல வாழை இலை முழுவதும் மேலிருந்து விழ 50க்கு நாலரை அடி உயரம் வேண்டும். நாற்காலி மேல் ஏறித்தான் எடுக்க முடியும். 24க்கு இரண்டடிக்குச் சற்று மேல் போதும், எழுந்து நின்றாலே கிடைத்துவிடும். ஒரு வடையை மட்டும் நெருங்கி எடுக்க வேண்டுமா? 24 பதினாறு செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும், 50க்கு 35 செ.மீ. வேண்டும்.

முகம்தான் முக்கியம் என்றால் கணக்கு தலைகீழ். தலையும் தோளும் நிறைய 24இல் எடுக்க இரண்டடிக்குக் கிட்டே போவீர்கள். அவ்வளவு நெருங்கினால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். 50இல் அதே படத்துக்கு நாலரை அடி தூரம். முகம் முகமாக இருக்கும், பின்னணியும் கரையும். ஆனால் அங்கே எஃப்/1.8இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஐந்து செ.மீ.தான். முகம் கொஞ்சம் திரும்பினாலே ஒரு கண் மங்கும், லென்ஸின் துவாரத்தை எஃப்/2.8க்கு மூடுங்கள். வியூஃபைண்டரில் எடுத்த படங்களில் மட்டும் ஃபோகஸ் கண்ணுக்குப் பதில் தொடர்ந்து காதின் மேல் போய், லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது) சரியாக வந்தால், லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். பாடியும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை, இரண்டையும் சேர்த்து சர்வீஸில் காலிபரேட் செய்ய வேண்டும்.

வெளிச்சத்தில் 50 ஜெயிக்கும்: 50இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600 போதுமான இடத்தில் 24க்கு 4000 வேண்டும். (கிட் லென்ஸை எஃப்/5.6இல் வைத்தால் கிட்டத்தட்ட 16000!) இரண்டிலும் நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இல்லை. ஆகவே கை நடுக்கத்துக்கு ஷட்டர் வேகத்தில் 24இல் 1/40, 50இல் 1/80 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள். ஓடும் குழந்தைக்கு எதுவானாலும் 1/250.

24இன் எடை 125 கிராம், தடிமன் 23 மி.மீ.கூட இல்லை. 50 ஃபோகஸ் செய்யும்போது உள்குழல் வெளியே நீளும். அந்த நிலையில் இடிபட்டால் ஆட்டோஃபோகஸே போய்விடலாம். ஈஎஸ்-68 ஹுட்டை (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) மாட்டியே வையுங்கள். பின்னால் கேனன் ஃபுல்ஃப்ரேம் (பெரிய சென்சார்) டிஎஸ்எல்ஆர் வாங்கும் எண்ணம் இருந்தால் 24 அதில் மாட்டவே மாட்டாது.

தூரத்து மேடை, பறவை என்றால் இரண்டுமே வேண்டாம், 55-250 எஸ்டிஎம் ஜூம் லென்ஸைப் பாருங்கள்.

காசு கொடுக்குமுன் 18-55இன் ஜூம் வளையத்தை 24இல் நிறுத்தி, டேப் ஒட்டி ஒருநாள் முழுக்க எடுங்கள். மறுநாள் 50இல். எந்த நாளில் டேப்பைப் பிய்க்கக் கை அதிகம் துடித்ததோ, அந்த லென்ஸை விட்டுவிடுங்கள்.