வீடு தேடி வந்த மெக்கானிக், நல்ல நிலையில் இருந்த நான்கு ஹீட்டர் பிளக், போன 18,400

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போய்த் தொலையட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். வீட்டுக்கே மெக்கானிக்கை அனுப்பிவைக்கும் ஆப் ஒன்றில் புக் செய்து 18,400 தொலைத்திருக்கிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. செல்ஃபை நீளமாக அடித்தால் வெள்ளைப் புகையைக் கக்கி, நடுங்கி நடுங்கித்தான் ஓடத் தொடங்கும். சூடாகிவிட்டால் அப்புறம் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. டாஷ்போர்டில் சுருள் கம்பி போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்திய காற்றின் சூட்டில்தான் எரிய வேண்டும். குளிர்ந்த என்ஜினில் அந்தச் சூடு போதாது என்பதால் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்பது எனக்கே தெரியும். அது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கத்தானே ஆளைக் கூப்பிடுகிறோம்?

வந்தவர் ஸ்கேனரைச் செருகினார். பி0380 என்று கோடு, அதாவது கோளாறு எண், வந்தது. "ஹீட்டர் பிளக் போச்சு சார், நாலும் மாத்தணும்" என்றார். அந்தக் கோடு பிளக் போனது என்று சொல்லவே இல்லை, சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது. பேட்டரியில் ஆரம்பித்து ஃபியூஸ், ரிலே (பிளக்குக்குக் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), வயர், கனெக்டர், பிளக் எல்லாமே அந்தச் சர்க்யூட்தான். இது எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம்.

என்னை மடக்கியது மீட்டர். பிளக்கில் இருந்து வயரைப் பிடுங்கி, அதன் நுனியில் சிவப்பு முனையை வைத்து, கறுப்பை என்ஜின் மேல் வைத்துக்கொண்டு "சாவி போடுங்க சார்" என்றார். 12.4 வோல்ட் காட்டியது. "பாருங்க, கரண்ட் முழுசா வருது. வயர் ஓகே. வாங்க வேண்டியதை வாங்காம கிடக்கிறது பிளக்தான். கூடவே ரிலேயையும் மாத்திடுங்க, சேஃப்டி." கண் முன்னால் எண் நிற்கும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள்? அதோடு, "என்ஜினைச் சூடு பண்ணித்தான் பிளக்கைக் கழட்டணும், இல்லேன்னா உடைஞ்சு ஹெட்டுக்குள்ளயே மாட்டிக்கும்" என்று ஒரு வார்த்தை. அது உண்மைதான். அந்த ஒரு உண்மைக்காக மீதி எல்லாவற்றையும் நம்பினேன்.

மாட்டி முடித்து சாவியைத் திருப்பினார், முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. 18,400 கட்டினேன். சூடாக இருக்கிற என்ஜினுக்கு ஹீட்டர் பிளக்கே தேவையில்லை! பழைய பிளக்கே இருந்திருந்தாலும் அப்படித்தான் பிடித்திருக்கும். மறுநாள் காலையில் அதே புகை, அதே நடுக்கம், அதே மஞ்சள் விளக்கு.

இனி அவர்களுடைய பதில்கள். சாட்டில் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்", அதற்கடுத்த வரியிலேயே புகார் முடிக்கப்பட்டது என்று அறிவிப்பு. போனில் பிடித்தால் பேட்டரி வீக்காக இருக்கும் என்றார் ஒருவர். இன்னொருவர் டீசல் சரியில்லை என்றார். எலக்ட்ரிக்கல் பாகங்களுக்கு வாரண்டி இல்லையாம். மெக்கானிக் அவர்கள் ஊழியரே இல்லையாம், "பார்ட்னர்" ஆம். திரும்ப வந்து பார்க்க வேண்டுமென்றால் பார்வைக் கட்டணம் தனியாம். 18,400 வாங்கிக்கொண்ட இடத்தில், தப்பாகப் பார்த்ததைத் திரும்பப் பார்க்க இன்னொரு கட்டணம்!

கடைசியில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. எல்லாம் மாட்டியபடியே இருக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையை பிளக் தலையிலும் வைத்து சாவி போடச் சொன்னார். ஒரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஐந்தைத் தாண்டியது. அத்தனையும் வழியிலேயே தொலைகிறது என்று அர்த்தம். பிளக் தலையில் வைத்த முனையை வயரோடு பின்னால் நகர்த்திக்கொண்டே வந்தார். ஃபியூஸ் பெட்டியில் இருந்து ரிலேக்குப் போகும் தடித்த வயரின் லக்கில், அதாவது வயர் நுனியில் இறுக்கியிருக்கும் உலோக முனையில், ஆள் அகப்பட்டான். மேலுறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. கத்தியால் கீறினால் உள்ளே செம்பெல்லாம் பச்சைக் களிம்பு, பிழைத்திருந்தது சில இழைகள் மட்டும். நான்கு பிளக்கும் சேர்ந்து நாற்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டர் இழுப்பது ஒன்றுமே இல்லை. அதனால் பிளக் கரண்டை இழுக்காதபோது, லோடு இல்லாமல் பார்த்தால் ஒற்றை இழைகூட 12.4-ஐக் காட்டிவிடும். வயரை வெட்டி, புது லக் போட்டு இறுக்கிக் கொடுத்தார். அவர் கேட்ட கூலி 18,400-இன் ஒரு மூலைக்குக் காணாது.

பழைய பிளக்குகள் டிக்கியில் கிடந்தன. மீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடை பார்க்கும் அளவில் வைத்து, வயர் மாட்டும் தலைக்கும் உடம்புக்கும் நடுவே ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கும் ஏறக்குறைய ஒரு ஓம். செத்த பிளக் என்றால் மீட்டரில் எதுவுமே ஓடாது. "இதுக்கு என்ன கேடு?" என்று கையில் கொடுத்தார். அந்த போட்டோவையும் அனுப்பினேன். வெளி ஆள் கை வைத்துவிட்டதால் புகார் செல்லாது என்று பதில்.

எப்படிச் சோதிப்பது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத வயிறுதான் எரிகிறது. அவசரத்துக்குச் சில. ஸ்கேனர் கோடை மட்டும் காட்டி எதையும் மாற்ற விடாதீர்கள். பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே, அது என்ஜினில் இருக்கும்போதே, இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு ஓம்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். வயரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு காட்டும் 12 வோல்ட்டை நம்பாதீர்கள். ராத்திரி முழுக்க ஆறிய என்ஜினில் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், புது மாடல் வண்டிகளில் பல பிளக்குகள் 5 வோல்ட், 7 வோல்ட் மாதிரி குறைந்த மின்னழுத்தத்தில் வேலை செய்பவை. அதை பேட்டரியில் நேராகத் தொட்டுக் காட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், நல்ல பிளக்கும் அங்கேயே எரிந்துபோகும்.