நெரிந்த பைப்: என் ஸ்விஃப்டின் எக்ஸாஸ்ட்டோடு ஏழு வருஷம்

என்னுடையது 2008 மாடல் 1.3 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட். கம்பெனி கணக்கில் 6000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்று) 87 குதிரைத்திறன். செகண்ட் ஹேண்டாக வாங்கி, 2017-ல் ஏர் ஃபில்டர், 4-2-1 ஹெட்டர் (நாலு சிலிண்டரின் புகைக் குழாய்களை இரண்டாக்கி, பிறகு ஒன்றாகச் சேர்ப்பது), புகை போகும் 45 மில்லிமீட்டர் பைப், கடைசியில் தடுப்பு குறைவான ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். பைப் வேலையை ஊரிலேயே ஒரு பட்டறையில் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். ஸ்டார்ட் பண்ணியதும் வந்த சத்தத்தில் வண்டிக்குப் பத்து குதிரை கூடிவிட்டது என்றே நம்பினேன். எட்டு மாசம் அந்த நம்பிக்கையில்தான் ஓட்டினேன்.

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, சமாதானபுரம், ஜங்ஷன் என்று ஊருக்குள் சுற்றும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. புனலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. வண்டியில் ஐந்து பேர். புளியரை தாண்டி கோட்டைவாசல் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முழுசாக மிதிக்கிறேன், ஆர்பிஎம் முள் 4500 வரை ஏறிவிட்டு அதற்குமேல் நகர மாட்டேன் என்கிறது. சத்தம் மட்டும் மலை முழுக்கக் கேட்கிறது. முந்தலாம் என்று நினைத்த லாரிக்குப் பின்னாலேயே மேலேவரை போய்ச் சேர்ந்தோம். எதிரே வண்டி வரும் நேரத்தில் இப்படி ஆகியிருந்தால் என்ற நினைப்பு ரொம்ப நாள் என்னை விடவில்லை.

தச்சநல்லூர் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. பானட்டைத் திறக்கவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, வண்டி மூச்சு விட முடியாம கெடக்கு. நீங்க சத்தத்தக் கேட்டு ஏமாந்துட்டீங்க" என்றார்.

எரிந்த புகையை வெளியே தள்ளுவது பிஸ்டனின் வேலை. வழி அடைபட்டிருந்தால் அந்தத் தள்ளலுக்கே எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கு போய்விடும். தள்ள முடியாமல் சிலிண்டரில் தங்கிவிடும் சூடான புகை, அடுத்து வரவேண்டிய புதுக் காற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். காற்று குறைந்தால் எரிவதும் குறையும். ஊருக்குள் இது தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. பைப்பில் ஓடும் புகை இரண்டு மடங்கானால், அதை எதிர்த்துத் தடுக்கும் எதிர் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. 2500 ஆர்பிஎம்மில் பாதி மிதியில் ஓட்டுகிறவனுக்கு அடைப்பு இருப்பதே தெரியாது. 5500-ல் முழு மிதியில் அதே அடைப்பு எஞ்சினின் கழுத்தைப் பிடிக்கும்.

அண்ணாச்சி அதை அளந்தே காட்டினார். புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் நீளமான செம்புக் குழாயை மாட்டி, அதன் நுனியில் ரப்பர் ஹோஸ், கடைசியில் ஒரு பிரஷர் கேஜ். செம்புக் குழாய் நீளமாக இல்லாவிட்டால் சூட்டில் ஹோஸ் உருகிவிடும். நின்ற இடத்தில் 2500 ஆர்பிஎம்மில் இரண்டு பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு). இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஹோஸை ஜன்னல் வழியாக உள்ளே எடுத்துக்கொண்டு நாங்குநேரி நாலுவழிச் சாலையில் முழு மிதியில் போனபோது 5500-ல் கேஜ் முள் எட்டைத் தொட்டது.

கூடவே மூன்றாம் கியரில் 60-லிருந்து 100 வரை எத்தனை வினாடி என்றும் எடுத்தோம். சராசரி 10.6. அந்தச் சாலையில் நேரம் எடுக்கிறவர்கள் காற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று வள்ளியூர், காவல்கிணறு பக்கம் வண்டியையே தள்ளும். விடிகாலையில், போகவும் வரவும் ஒரே இடத்தில் எடுத்துச் சராசரி பார்த்தால்தான் அது அளவு.

பைப்பைக் கழற்றியதும் விஷயம் வெளியே வந்தது. பின் ஆக்சிலுக்கு மேலே வளைத்த இரண்டு இடங்களிலும் பைப் நெரிந்து, உள்பக்கம் மடிந்து கிடந்தது. 45 மில்லிமீட்டர் பைப்புக்குள் இரண்டு விரல் போகவில்லை. அந்த மடிப்புக்கு முன்னாலும் பின்னாலும் எவ்வளவு அகலமாக இருந்து என்ன? பட்டறையில் உள்ளே ஆதாரம் கொடுக்காமல் அழுத்தி வளைத்திருக்கிறார்கள். உள்ளே மாண்ட்ரல் என்ற தாங்கு கம்பி விட்டு வளைத்தால் வளைவிலும் முழு வட்டம் நிற்கும். அப்படி வளைத்த துண்டுகளைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து அண்ணாச்சியே வெல்ட் பண்ணினார். ஹெட்டர், ஃபில்டர், சைலன்சர் எதையும் தொடவில்லை. மறுபடி அளந்தபோது 5500-ல் மூன்று பிஎஸ்ஐ, 60-லிருந்து 100-க்கு 9.1 வினாடி. சத்தமும் முன்னைவிடக் குறைவு.

மூன்று வருஷம் கழித்து அதே திணறல் திரும்ப வந்தது. இந்த முறை தப்பு என் பக்கம். இக்னிஷன் காயில் ஒன்று போய் மிஸ்ஃபயர் ஆகிக்கொண்டிருந்ததை, பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாசம் தள்ளிப்போட்டேன். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருந்த தேன்கூடு மாதிரியான பீங்கான் உருகி அடைத்துவிட்டது. ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே சல்லி உருளும் சத்தம். விசாரித்த இரண்டு இடங்களில், உள்ளே இருப்பதை இடித்து எறிந்துவிட்டு வெறும் கூட்டை மாட்டலாம், பவரும் கூடும் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. அந்தப் பீங்கானில் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்தான் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைப் பெருமளவு மாற்றிவிடுகிறது. நம் தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற உயரத்தில்தான் சைலன்சர் வாய் இருக்கிறது. புகை, சத்தக் கட்டுப்பாட்டை மீறினால் சட்டமும் கடுமையானது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு.

அதனால் சதுர அங்குலத்துக்கு 200 அறைகள் உள்ள மெட்டல் கன்வெர்ட்டர் போட்டேன். பல கார்களில் வருவது 400 அறை. அறை பெரிதானால் புகை எளிதாகப் போகும், சுத்திகரிப்பு கொஞ்சம் குறையும். அழுத்தம் மூன்றுக்குக் கீழேயே நின்றது. 2023-ல் 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போனபோது சத்தம் கேட்காமல் இருக்கப் பழைய கம்பெனி சைலன்சரையே மாட்டினேன். அப்புறம் அதைக் கழற்றவில்லை. அதனோடும் 9.3 வினாடிதான் ஆகிறது. அந்த 0.2 வினாடிக்காக ஊரை எழுப்ப எனக்கு மனசில்லை.

இதே 1.3 எஞ்சினில் நண்பர் ஒருவர் 63 மில்லிமீட்டர் பைப் போட்டிருக்கிறார். ஓட்டிப் பார்த்தேன். 3000-க்குக் கீழே இழுவையே இல்லை. பைப் அளவுக்கு மீறி அகலமானால் புகையின் வேகம் குறைந்து, பின்னால் வரும் புகையை இழுத்துப் போகும் உறிஞ்சல் போய்விடுகிறது. எஞ்சினுக்கு எதிர் அழுத்தம் வேண்டும் என்று பட்டறைகளில் சொல்வது இதைத் தவறாகப் புரிந்துகொண்டுதான். வேண்டியது வேகம், அடைப்பு இல்லை. 87 குதிரைக்கு 45 மில்லிமீட்டர் தாராளம்.

போன சாரலுக்கு முன்னால் மறுபடி கேஜ் மாட்டிப் பார்த்தேன். 5500-ல் மூன்று. பைப்பைத் தாங்கித் தொங்கும் ரப்பர் இரண்டு வெடித்திருந்தது, மாற்றிவிட்டேன். அடுத்த நாள் அதே ஐந்து பேரோடு கோட்டைவாசல் ஏறினோம், இரண்டாம் கியரில் முள் 5800 வரை தடங்கல் இல்லாமல் போனது.