போகும் வழி எளிது, திரும்பும் வழிதான் சிக்கல்: செயலிக்குள் திறக்கும் இணைப்புகள்

செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை, அலுவலகம் தரமணியில். ஓர் இணைப்பைத் தொட்டதும் அது எங்கே திறக்கிறது என்றுதான் கண் முதலில் போகும். செயலியை விட்டு வெளியேறாமலே வலைப்பக்கத்தைப் பிரவுசர் கொண்டு காட்டுபவை ஆண்ட்ராய்டின் குரோம் கஸ்டம் டேப், ஐபோனின் சஃபாரி வியூ கன்ட்ரோலர்; இரண்டும் 2015இல் வந்தவை. இரண்டையும் நெடுநாள் புழங்கிவிட்டுச் சொல்கிறேன்: செயலியிலிருந்து வலைப்பக்கத்துக்குப் போவது எளிது. திரும்பி வருவதில்தான் வம்பு.

இருந்தாலும், வலைப்பக்கத்தைச் செயலி தனக்குள்ளேயே காட்டும் பழைய வெப்வியூவுக்கு இவை எவ்வளவோ மேல். கஸ்டம் டேப்பும் குரோமும் ஒரே குக்கியை (தளம் நம்மை நினைவில் வைக்கப் பிரவுசரில் சேமிக்கும் குறிப்பை) பயன்படுத்துவதால், ஏற்கெனவே செய்த லாகின் அப்படியே இருக்கும். வெப்வியூவில் நாம் தட்டச்சு செய்வதைச் செயலியே படித்துவிட முடியும். கூகுள் தன் லாகினை அதில் அனுமதிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஐபோனில் மட்டும், 2017இல் ஐஓஎஸ் 11 வந்த பிறகு, சஃபாரியின் குக்கி இந்த வியூவுக்குக் கிடைப்பதில்லை.

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணத்துக்கு மாதாமாதம் ஓர் இணைப்பு வரும். அப்பா அதை வேறொரு செயலிக்குள்ளேயே திறப்பார். யுபிஐ பொத்தானை அழுத்தினால் வெள்ளைத் திரை, நடுவில் 'அன்னோன் யூஆர்எல் ஸ்கீம்' என்ற பிழை. "ஏம்பா, பணம் போகவே மாட்டேன் என்கிறதே?" என்பார். பணத்தில் குறையில்லை. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது 'யுபிஐ' என்று தொடங்கும் முகவரி; இந்தத் தொடக்கப் பகுதிக்குத்தான் ஸ்கீம் என்று பெயர். அதை என்ன செய்வதென்று அந்தச் செயலியின் வெப்வியூவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதே பக்கத்தைக் குரோமில் திறந்தால் போனில் உள்ள கட்டணச் செயலிகள் வரிசையாக வந்து நிற்கின்றன.

கட்டணச் செயலிக்குப் போன பிறகு இன்னொரு தொல்லை. நினைவகம் குறைந்த போன் என்றால், அதற்குள் பின்னால் இருந்த செயலியை ஆண்ட்ராய்டு மூடிவிடும். பணம் கழிந்திருக்கும், திரும்பினால் முகப்புப் பக்கம் ஒன்றும் அறியாததுபோல் சிரிக்கும். டெவலப்பர் அமைப்புகளில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' (விட்டு விலகிய திரையை உடனே அழித்துவிடும் அமைப்பு) என்பதை இயக்கிவிட்டுச் சோதித்தால் இந்தக் குறை உடனே வெளிப்படும். அதைச் செய்யாமல் வெளியாகும் செயலிகள் ஏராளம் என்பது என் எண்ணம்.

செயலிக்குத் திரும்பும் இணைப்பு, அந்தச் செயலிக்கு உரியது என்று சரிபார்க்கப்பட்ட வலை முகவரியாக இருப்பதே நல்லது. தனி ஸ்கீமை எந்தச் செயலியும் தன்னுடையது என்று பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், சரிபார்ப்பு தவறினால் போன் எதையும் கேட்காமல் இணைப்பைப் பிரவுசருக்கு அனுப்பிவிடும். நான் பார்த்தவரை முக்கியக் காரணம், தன் செயலி எதுவென்று சொல்லத் தளத்தில் வைக்கும் அசெட்லிங்க்ஸ் கோப்பில் தவறான கைரேகை (செயலியின் கையொப்பத்தை அடையாளம் காட்டும் குறியீடு) இருப்பது. பதிவேற்றும்போது இடும் கையொப்பத்தின் கைரேகையை அதில் போடுவார்கள். பிளே ஸ்டோர் வேறொரு கையொப்பத்தோடு விநியோகிக்கும். டெவலப்பரின் மேசையில் எல்லாம் ஓடும், கடையிலிருந்து இறக்கியவருக்கு ஓடாது.

பயனரின் விரல் படாமல் பக்கம் தானாகச் செயலிக்குத் தாவ முயன்றாலும் குரோம் பல நேரம் தடுத்துவிடுகிறது. 'செயலிக்குத் திரும்பு' என்று பெரிய பொத்தான் ஒன்று வைத்துவிடுங்கள்.

செயலிக்குள் திறக்கும் இணைப்புகளை உருவாக்கித் தந்த கூகுளின் சேவையான ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் 2025 ஆகஸ்ட் 25 அன்று மூடப்பட்டது. அதை நம்பி அச்சடித்த க்யூஆர் அட்டைகளை இனிக் கிழித்துத்தான் போட வேண்டும். சொந்த டொமைனில் இணைப்பு வைத்தவர்களுக்கு அந்த வேலை இல்லை.