குளச்சல் உப்புக்காற்றில் எட்டு மாதம்: ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் பற்றி

கல்யாண வீடியோக்களையும் கோயில் கொடை, ஆலயத் திருவிழா ஒளிப்பதிவுகளையும் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். குளச்சலில் கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் மாடியறையில்தான் கணினி இருக்கிறது. அறைக்கு ஏசி கிடையாது. மேலே இருக்கும் காங்கிரீட் தளம் பகல் முழுவதும் வாங்கிய வெயிலை ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்று முழுப் பளுவில் ஓடும்போது எழும் இரைச்சல் எப்படிப்பட்டது என்பதற்கு, ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கீழேயிருந்து அம்மா கேட்டதைச் சொன்னால் போதும்: “மக்களே, இந்நேரத்துல என்னத்தப் போட்டு அரைக்கே?”

கணினியைப் பூட்டிக் கொடுத்த நாகர்கோவில் கடையில் கேட்டபோது, கேபினெட்டில் இன்னும் இரண்டு விசிறிகளை மாட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லி மாட்டியும் கொடுத்தார்கள். சூடு இரண்டு டிகிரி குறைந்தது, இரைச்சல் கூடியது. அதற்குப் பிறகுதான் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை இறக்கி நிறுவினேன்.

கிராபிக்ஸ் கார்டின் விசிறி வேகத்தையும் வோல்டேஜையும் நாமே மாற்றி அமைக்க உதவும் இலவச மென்பொருள் இது. பெயரில் எம்எஸ்ஐ இருந்தாலும் வேறு நிறுவனங்களின் கார்டுகளிலும் வேலை செய்யும். இதே வகையைச் சேர்ந்த ரிவாட்யூனர் என்ற பழைய மென்பொருளை உருவாக்கிய அலெக்சி நிகோலாய்ச்சுக் என்ற ரஷ்ய நிரலாளரின் கைவேலை இது. உக்ரைன் போரையும் பொருளாதாரத் தடைகளையும் ஒட்டித் தனக்குப் பணம் வருவது நின்றுவிட்டது என்று அவர் 2023 தொடக்கத்தில் வெளிப்படையாகச் சொன்னபோது, இதன் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் அதே ஆண்டில் 4.6.5 பதிப்பு வந்தது. இறக்கும்போது ஒரு கவனம் தேவை. 2022-இல் இதன் அதிகாரபூர்வப் பக்கத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் வழியாக, கிரிப்டோ நாணயம் தோண்டும் தீநிரல்கள் பரவின. ஆகவே தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காமல், எம்எஸ்ஐயின் சொந்தத் தளத்துக்கு நேராகப் போவது நல்லது.

முதலில் விசிறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊருக்கென்றே உள்ள ஒரு தொல்லை அதில் இருக்கிறது. இன்றைய கார்டுகள் பலவற்றில், பளு இல்லாதபோது விசிறி முழுவதுமாக நின்றுவிடும் ஏற்பாடு உண்டு. ஏறத்தாழ ஐம்பது டிகிரியைத் தாண்டும்போதுதான் அது சுழலத் தொடங்கும். குளிர்ந்த நாட்டில் இது அருமையான ஏற்பாடுதான். ஆனால் அறையே 31 டிகிரியில் இருக்கும் இடத்தில், சும்மா இருக்கும் கார்டு 48-க்கும் 52-க்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருப்பதால், விசிறி எழும்புவதும் நிற்பதுமாக நிமிடத்துக்கு ஒரு தடவை ‘ஸ்ஸ்’ என்று மூச்சு விடும். ஒரே சீராக வரும் ஓசையைக் காது சீக்கிரம் மறந்துவிடும். விட்டுவிட்டு வருவதை மறக்கவே மறக்காது. ஆஃப்டர்பர்னரின் விசிறிப் பக்கத்தில், சூட்டுக்கு ஏற்ப வேகத்தை நாமே வரைந்து கொடுக்கும் கோடு ஒன்று இருக்கிறது. அதில் அறுபது டிகிரி வரை 30 சதவீதம் என்று படுக்கைவாக்கில் நேராக இழுத்துவிட்டேன்; என் கார்டின் விசிறி அதற்குக் கீழே சுழலாது. கூடவே, சூடு நாலு டிகிரி இறங்கினால்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற இடைவெளியையும் வைத்தேன். அன்றே மூச்சு விடுவது நின்றது.

ஆனால் பளு ஏறும்போது வரும் இரைச்சலுக்கு இது மருந்தல்ல. கோட்டைத் தாழ்த்தினால் சூடு ஏறும், உயர்த்தினால் அம்மா எழுந்துவிடுவார். 200 வாட் வெப்பம் உண்டாகிறது என்றால் அந்த 200 வாட்டையும் யாராவது வெளியேற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே உண்டாகும் வெப்பத்தையே குறைப்பதுதான் வழி, அதைச் செய்வது வோல்டேஜ் அமைப்பு.

சிப் உறிஞ்சும் மின்சாரம் அதன் ஓட்ட வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். எனவே வேகத்தைக் கொஞ்சமும் வோல்டேஜைக் கூடுதலாகவும் குறைத்தால், இழப்பு சிறிதாகவும் ஆதாயம் பெரிதாகவும் இருக்கும். ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு தரத்தில் வருவதால், மட்டமான சிப்பும் தடுமாறாமல் ஓடும்படி தயாரிப்பாளர்கள் வோல்டேஜைத் தாராளமாகவே வைத்து அனுப்புகிறார்கள். கண்ட்ரோல் விசையோடு எஃப்-ஐ அழுத்தினால் வரும் வரைபடத்தில் கீழ்ப்பக்கம் மில்லிவோல்ட்டும் இடப்பக்கம் மெகாஹெர்ட்ஸும் இருக்கும். நான் 850 மில்லிவோல்ட்டில் உள்ள புள்ளியை 1800 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் அதே மட்டத்துக்குத் தட்டையாக்கினேன். இனி கார்டு 850-ஐத் தாண்டி வோல்டேஜ் கேட்காது. தொகுத்து முடித்த ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவை ரெண்டர் செய்து கோப்பாக எடுக்க முன்பு 41 நிமிடம் ஆனது, இப்போது 42 ஆகிறது. 200 வாட்டை ஒட்டியே நின்ற மின்செலவு 150-க்குப் பக்கத்தில் நிற்கிறது. சூடு 81-இலிருந்து 73-க்கும், விசிறி நிமிடத்துக்கு 2400 சுற்றிலிருந்து 1600-க்கும் இறங்கின. விசிறி வேகம் பாதியானால் ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் குறையும் என்பார்கள். இங்கே பாதியாகவில்லை, மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது, ஆனாலும் பக்கத்தில் மைக் வைத்துக் குரல் பதிவு செய்ய முடிகிறது.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “நாங்க எல்லாம் வோல்டேஜ் ஏற மாட்டேங்குதுன்னு ஸ்டெபிலைசர் வாங்கிட்டு இருக்கோம், நீ குறைச்சு வெச்சிட்டு இருக்கியே” என்று சிரித்தார். அது சுவரில் வரும் வோல்டேஜ், இது சிப்புக்குள் போகும் வோல்டேஜ் என்று விளக்கினேன். ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது: 50 வாட் மிச்சமானதால், கரண்ட் போனால் யுபிஎஸ் சில நிமிடங்கள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது.

பேராசையில் ஒரு தடவை மாட்டிக்கொண்டதையும் எழுத வேண்டும். 825 மில்லிவோல்ட்டில் 1830 என்று வைத்து, பத்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய வீடியோ பாதியைத் தாண்டியபோது திரை இரண்டு நொடி கறுத்து, தொகுப்பு மென்பொருள் மூடிக்கொண்டது. விடியும்வரை மறுபடி முதலிலிருந்து ஓடியது. சோதனையை நாம் செய்யும் வேலையிலேயே, நீண்ட நேரம் செய்ய வேண்டும். கணினி தொடங்கும்போதே அமைப்பை ஏற்றும் பொத்தானை அதற்கு முன்னால் அழுத்தவே கூடாது. இன்னொன்று, கார்டு குளிர்ந்திருக்கும்போது வரைபடத்தை அமைத்தால் சூடேறிய பின் அது தானாகவே 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக இறங்கும் என்பதால், கார்டை முதலில் சூடாக்கிக்கொண்டு அமைப்பது நல்லது.

குறை என்று பார்த்தால், தோற்றம்தான் முதலில் கண்ணில் குத்துகிறது. பந்தயக் காரின் முள்மானிகளும் பொடி எழுத்துகளுமாக வரும் முதல் முகப்பை உடனே மாற்றிவிடுங்கள். அமைப்புகளில் எளிமையான முகப்புகள் இருக்கின்றன. இவ்வளவு முக்கியமான வரைபடத்தைக் குறுக்குவிசைக்குப் பின்னால் வைத்திருப்பது புதியவருக்கு நியாயமல்ல. நாம் வரைந்த விசிறிக் கோடு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் செல்லும். மூடினால் கார்டு தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுவனமே தரும் அட்ரினலின் மென்பொருளிலேயே இவை எல்லாம் இருப்பதால், அவர்கள் இதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மென்பொருளால் ஆகாத காரியமும் உண்டு. ஆனி, ஆடியில் கடலிலிருந்து அடிக்கும் காற்று ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதுபோலக் கார்டின் அலுமினியத் தகடுகளையும் விடுவதில்லை. உப்பின் ஈரத்தில் தூசி ஒட்டி, துடைத்தாலும் போகாத பசையாகிவிடுகிறது. சாரல் முடிந்ததும் கேபினெட்டைத் திறந்து, மெல்லிய பிரஷ்ஷால் தகடுகளைத் தட்டி, பிறகுதான் ப்ளோயர் அடிக்கிறேன். அப்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெட்டுவிடும். சென்ற முறை துடைத்தபின், அதே அமைப்பில் 76 வரை ஏறியிருந்த சூடு மறுபடி 73-க்கு வந்தது.

ஐந்து அமைப்புகளைச் சேமிக்க இடம் இருப்பதில் இப்போதைக்கு மூன்றைப் பயன்படுத்துகிறேன். முதலாவது பகலுக்கு, இரண்டாவது குரல் பதிவுக்கு. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒரு முழு வீடியோவை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். சென்ற மாதம் அப்படிப் பார்த்ததில் 1800 நிற்கவில்லை, 1785-க்கு இறக்கிய பிறகே நின்றது. அதைத்தான் மூன்றாவதில் வைத்திருக்கிறேன், ராத்திரி வேலைக்கு.