மணி சரியாகத்தான் காட்டியது: ஸ்பீட்மாஸ்டர் சர்வீஸ், மூன்று வருஷம் கழித்து

2022 மார்ச்சில் என் வாட்ச் ஒரு நாளைக்கு மூன்று விநாடிதான் முந்திக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுத்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய் செலவழித்தேன். "மணி சரியாத்தானே காட்டுது, அப்புறம் என்னத்துக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

வாட்ச் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல், 3570.50 மாடல். 2009 கடைசியில் சிங்கப்பூர் போயிருந்தபோது ஆர்ச்சர்ட் ரோட்டில் வாங்கியது. உள்ளே ஓடுவது 1861 என்கிற மிஷின். பேட்டரி கிடையாது, கையை ஆட்டினால் தானாகச் சாவி ஏறுகிற வகையும் இல்லை. தினமும் காலையில் நாமேதான் சாவி கொடுக்க வேண்டும், முழுதாகக் கொடுத்தால் 48 மணி நேரம் ஓடும். நிலாவுக்குப் போன வாட்ச் என்று சொல்வார்களே, அந்த வம்சம். 1969-ல் ஆல்ட்ரின் கட்டிக்கொண்டு இறங்கியதில் இருந்தது 321 மிஷின். என்னுடையது அதற்குப் பிறகு வந்த தலைமுறை.

நான் அம்பத்தூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மிஷின் என்றால் கை சும்மா இருக்காது. அந்த வருஷம் டைம்கிராஃபர் என்கிற கருவி ஒன்றை வாங்கினேன். வாட்சை அதன் மேல் வைத்தால் டிக் டிக் சத்தத்தைக் கேட்டு, நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது பிந்துகிறது என்று சொல்லும். கூடவே ஆம்ப்ளிட்யூட் என்று ஒரு எண்ணும் காட்டும். வாட்சின் தாளத்தைத் தருகிற, முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீல் என்கிற சக்கரம் நடுவிலிருந்து ஒரு பக்கம் எத்தனை டிகிரி வீசிப் போகிறது என்பதுதான் அது. முழுச் சாவி கொடுத்துப் படுக்க வைத்தால் நல்ல மிஷினுக்கு 270-க்கு மேல் வர வேண்டும். எனக்கு 203 வந்தது. அதுவும் பொய். கருவியில் லிஃப்ட் ஆங்கிள் என்று, மிஷினுக்கு மிஷின் மாறுகிற ஒரு எண் கேட்கும், அது வழக்கமாக 52-ல் இருக்கும். 1861-க்கு 50 வைக்க வேண்டும். மாற்றி வைத்ததும் 195.

பேலன்ஸ் வீல் இவ்வளவு சோர்ந்து போயும் மணி எப்படிச் சரியாக இருந்தது? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். லேசாக ஆட்டினாலும் கொஞ்சம் வேகமாக ஆட்டினாலும் ஒரு தடவை போய்வர ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். பேலன்ஸ் வீலும் அதோடு சேர்ந்த மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கும் அந்த ஜாதி. எண்ணெய் காய்ந்து, தள்ளுகிற பலம் குறைந்து, வீச்சு சுருங்கினாலும் தாளம் பெரிதாகத் தப்பாது. இன்னொன்றும் இருந்தது. என் வாட்ச் படுக்க வைத்தால் 14 விநாடி முந்தியது, சாவி கீழே இருக்கும்படி நிறுத்தினால் 9 விநாடி பிந்தியது. கையில் கட்டினால் இரண்டும் கழிந்து மூன்று என்று வந்தது. ஒரு தப்பு இன்னொரு தப்பை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இந்த மிஷின் விநாடிக்கு 6 தட்டு, மணிக்கு 21,600. நாளைக்கு 5,18,400. வருஷத்துக்குப் பத்தொன்பது கோடிக்குப் பக்கம். என் பட்டறையில் ஒரு ஸ்பிண்டில் பேரிங்கை எண்ணெய் இல்லாமல் இப்படி ஓட விட்டால் அந்த ஆபரேட்டரை நானே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

ஆனால் 2015-ல் ஒரு தடவை சர்வீஸ் செய்திருந்தேனே! கம்பெனி சொல்வது 5 முதல் 8 வருஷத்துக்கு ஒரு முறை. அந்தக் கணக்குப்படி நான் ஒழுங்கான ஆள். சென்னையில் ஒரு கடை. பெயர் வேண்டாம். கண்ணாடி ஷோகேஸ், ஏ.சி., கம்ப்யூட்டர் பில். பத்து நாளில் கொடுத்தார்கள். புது மணப்பெண் மாதிரி பளபளவென்று வந்தது, நானும் சந்தோஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு ஸ்டாப் வாட்ச் பட்டனை அமுக்கி ரீசெட் செய்தால் நீள முள் 12-ல் நிற்காமல் அரைக் கோடு தள்ளி நின்றது. ஒரு நாள் மழையில் பைக் ஓட்டி வந்தேன், கண்ணாடிக்குள் லேசாகப் பனி படர்ந்தது, வெயிலில் வைத்ததும் போய்விட்டது. இரண்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது என் முட்டாள்தனம்.

195-ஐப் பார்த்த பிறகு கம்பெனி சர்வீஸில் விசாரித்தேன். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து நான் கடைசியில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு வந்தது. இரண்டு வருஷ வாரண்டி உண்டு, அது சும்மா இல்லை. ஆனால் எனக்கு வேலை செய்கிற கையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கஸ்டமர் ஒருவர் மூலமாகப் பெங்களூரில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961-ல் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் ஃபேக்டரியில் முப்பது வருஷம் இருந்தவர். இப்போது வீட்டு மாடியில் ஒரே ஒரு மேஜை. கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை. பிருந்தாவனில் ஏறி, வாட்சைச் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் கையை வைத்துக்கொண்டே போனேன்.

அவர் பின்மூடியைத் திறக்கவில்லை. கண்ணில் லூப் என்கிற பூதக்கண்ணாடியை மாட்டி முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தார். பிறகு கேஸின் ஓரத்தைப் பார்த்தார்.

"இதை இதுக்கு முன்னாடி யார் தொட்டது சார்?"

சொன்னேன். லூப்பை என்னிடம் கொடுத்து, கண்ணாடியின் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். வெளிச்சத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. "ஒண்ணுமில்லைல்ல? அதான் விஷயம்" என்றார். இந்த மாடலில் கண்ணாடி என்பது ஹெசலைட் என்கிற பிளாஸ்டிக். ஒரிஜினலில் நட்ட நடுவில், முள்களின் அச்சுக்கு நேர் மேலே, ஒமேகா சின்னம் பொடியாகப் பதித்திருக்கும். தெரிந்து தேடினால்தான் கண்ணில் படும். 2015-ல் என் ஒரிஜினலை எடுத்துவிட்டு எதையோ போட்டிருக்கிறார்கள். அது சரியாக உட்காராததால்தான் அந்தப் பனி. பில்லில் கண்ணாடி மாற்றியதாக ஒரு வரி கூட இல்லை.

அடுத்தது பாலிஷ். ஸ்பீட்மாஸ்டரின் பட்டை மாட்டும் கால்கள் லேசாக முறுக்கிக்கொண்டு இறங்கும். பக்கவாட்டில் கோடு கோடாக மேட் ஃபினிஷ், மேலே பளபளப்பான ஒரு சாய்வுப் பரப்பு, இரண்டும் சேரும் இடத்தில் கத்தி மாதிரி ஒரு விளிம்பு. அந்த விளிம்புதான் இந்த வாட்சின் முகம் என்று சொல்வேன். பஃப் சக்கரத்தில் வைத்துத் தேய்த்ததில் அது சோப்புக்கட்டி மாதிரி வழிந்துபோயிருந்தது. ஏழு வருஷம் கையில் கட்டியிருந்தும் எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் ஒரு ஜாபில் சேம்ஃபர், அதாவது சாய்த்து வெட்டிய விளிம்பு, இப்படிப் போயிருந்தால் இரண்டு விநாடியில் ரிஜெக்ட் பண்ணியிருப்பேன். எண்ணெயை மாற்றலாம், கண்ணாடியை மாற்றலாம். தேய்த்த உலோகம் திரும்ப வராது.

உள்ளே இன்னும் மோசம். ஸ்டாப் வாட்ச் பகுதி மேலாக இருக்கும், மணி ஓட்டும் சக்கரங்கள் அதற்கு அடியில். மேலே மட்டும் கழற்றித் துடைத்துப் புது எண்ணெய் விட்டிருக்கிறார்கள், அடியைத் தொடவே இல்லை. மூன்றாவது சக்கரத்தின் பிவட்டை, அதாவது அச்சின் மெல்லிய முனையைச் சுற்றி எண்ணெய் கறுத்து, மை மாதிரி ஒட்டியிருந்தது. 2009-ல் ஃபேக்டரியில் விட்ட எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும். காய்ந்த எண்ணெயில் பொடித் துகள் சேர்ந்தால் அது அரைக்கிற பேஸ்ட். அந்த முனை உட்கார்ந்து சுழலும் மாணிக்கக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, எஃகு தேயும். பிவட்டில் வளையம் வளையமாகக் கோடு விழுந்திருந்தது.

புதுச் சக்கரம் போட்டுவிடலாம் என்றேன். அவர் சிரித்தார். பெரிய ஸ்விஸ் கம்பெனிகள் உதிரி பாகங்களை அங்கீகாரம் வாங்கிய இடங்களுக்குத்தான் அனுப்பும், அவர் மாதிரி மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கு எளிதில் கிடைக்காது. பிறகு டிராயரிலிருந்து ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற லேத்! ஜாகோ டூல் என்று பெயராம். சக்கரத்தை இரண்டு முனைக்கு நடுவில் நிறுத்தி, கையில் பிடித்த வில்லால் முன்னும் பின்னும் சுழற்றி, இன்னொரு கையால் தட்டையான பர்னிஷரை எண்ணெய் தொட்டு அழுத்தினார். வெட்டுவதில்லை, அமுக்கித் தேய்த்து மெருகேற்றுவது. பிவட் கால் மில்லிமீட்டர் கூட வராது. அவர் மூச்சை நிறுத்திக்கொண்டு நான்கு இழுப்பு இழுப்பார், லூப்பில் பார்ப்பார், மறுபடி நான்கு இழுப்பு. இருபது நிமிஷம் பேசவில்லை. நானும் மூச்சுவிட்ட மாதிரி ஞாபகம் இல்லை. இருபத்தைந்து வருஷமாக லேத் ஓட்டுகிறவன், அன்றைக்கு ஸ்டூலில் அப்ரண்டிஸ் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மீதி வேலை முறைப்படி நடந்தது. எல்லாவற்றையும் பிரித்து அல்ட்ராசோனிக்கில் கழுவுவது, சாவி கொடுத்தால் முறுக்கேறுகிற மெயின் ஸ்பிரிங் புதுசு, ரப்பர் வளையங்கள் எல்லாம் புதுசு. எண்ணெய் ஒரே வகை இல்லை என்பது எனக்குப் புதுத் தகவல். வேகமாக ஓடும் மெல்லிய அச்சுக்கு மோபியஸ் கம்பெனியின் 9010, அது தண்ணீர் மாதிரி. சக்கரத்தைத் தட்டுத் தட்டாக நிறுத்தி விடும் பாலட் கல்லுக்கு 9415, அது கிரீஸ் ரகம், தட்டு விழும்போது இளகி அடுத்த நொடியே இறுகிக்கொள்ளும். மெதுவாகச் சுழன்று அழுத்தம் தாங்கும் இடத்துக்குக் கெட்டியான எண்ணெய் வேறு.

குறையும் சொல்ல வேண்டும். ஆறு வாரம் என்றார், பதினொரு வாரம் ஆனது. போனை எடுக்க மாட்டார். வாரண்டி என்பது அவர் வாய்ச்சொல் மட்டும். ஒரிஜினல் கண்ணாடி அவருடைய பழைய இருப்பில் ஒன்று இருந்தது என் அதிர்ஷ்டம், எல்லோருக்கும் அப்படி அமையாது. ஆனால் வாட்சோடு ஒரு ஜிப் கவரும் கொடுத்தார். பழைய மெயின் ஸ்பிரிங், நசுங்கிய ரப்பர் வளையங்கள், டூப்ளிகேட் கண்ணாடி, எல்லாம் அதற்குள். கேட்காமலே கொடுத்தார். 2015-ல் நான் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

வாங்கிய அன்று படுக்க வைத்து 285, நிறுத்தி வைத்து 260. எந்த நிலையில் வைத்தாலும் முந்துவது இரண்டிலிருந்து ஆறு விநாடிக்குள். சாவி கொடுக்கும்போதே விரலுக்கு வித்தியாசம் தெரிந்தது. முன்பு மணல் அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு, இப்போது வெண்ணெய். ரீசெட் அமுக்கினால் முள் 12-ல் பட்டென்று வந்து நிற்கிறது.

இந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவை பயந்தேன். 2023-ல் திடீரென்று நாளைக்கு நான்கு நிமிஷம் முந்த ஆரம்பித்தது. பெரியவரைத்தான் சந்தேகப்பட்டேன், மனசுக்குள் திட்டவும் செய்தேன். ஒரு வழியாக போனை எடுத்தவர் ஒரே கேள்விதான் கேட்டார். "மேக்னட் பக்கம் போனீங்களா?" சர்ஃபேஸ் கிரைண்டரில் ஜாபைப் பிடித்துவைக்கும் காந்தப் பலகையான மேக்னட்டிக் சக் மேல் கையை ஊன்றிக்கொண்டு ஜாபைப் பார்த்தது ஞாபகம் வந்தது. ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டினால் சுருளின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், வாட்ச் பறக்கும். காம்பஸைப் பக்கத்தில் கொண்டுபோனேன், முள் துடித்தது. எண்ணூறு ரூபாய்க்குக் காந்தத்தை இறக்கும் டீமேக்னடைசர் ஒன்று வாங்கிப் பத்து விநாடி காட்டியதும் பழையபடி ஆனது. இதற்கும் சர்வீஸ் என்று பில் போடுகிறவர்கள் இருப்பார்கள், ஜாக்கிரதை. இப்போது பட்டறைக்கு வந்ததும் வாட்ச் டிராயருக்குள் போய்விடும்.

தண்ணீரில் இறக்குவதில்லை. 50 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் சென்னை வியர்வைக்கே ரப்பர் வளையம் பதில் சொல்லியாக வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை காற்றழுத்தம் வைத்து லீக் டெஸ்ட் மட்டும் செய்கிறேன். கண்ணாடியில் கீறல் விழுந்தால் பாலிவாட்ச் பேஸ்ட்டைத் தொட்டு நாலு நிமிஷம் தேய்த்தால் போதும். ஹெசலைட்டின் பெரிய வசதி அது. கேஸில் விழுந்த கீறல்களைத் தொடுவதில்லை.

போன வாரம் மறுபடி டைம்கிராஃபரில் வைத்தேன். படுக்க வைத்து 272, நாளைக்கு ஐந்து விநாடி முந்துகிறது. இன்னும் மூன்று வருஷமாவது தாராளமாக ஓடும். அந்த எண்களைச் சொல்லலாம் என்று பெரியவருக்கு போன் போட்டேன். அதிசயமாக முதல் ரிங்கிலேயே எடுத்தார். சந்தோஷப்பட்டார். பிறகு, "மூணு முள் வாட்ச்னா கொண்டு வாங்க சார். ஸ்டாப் வாட்ச் வேலை இப்ப எடுக்கறதில்ல, கை ஒத்துழைக்கல" என்றார். அந்த ஜாகோ டூலை யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். எச்.எம்.டி.யில் கூட வேலை பார்த்தவரின் மகள் சனிக்கிழமைகளில் வந்து கற்றுக்கொள்கிறாளாம், பழைய எச்.எம்.டி. ஜனதா வாட்சைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறாளாம். 2028-க்குள் கை படிந்துவிடுமா என்றேன்.

"உங்க வாட்சைத் தொடறதுக்கா? பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.